சைக்கிளிற் கூட்டமாகச் செல்வோருக்குத் தனிச்சட்டம் உண்டோ?

தனியே செல்லும்போது அஞ்சிச் செய்யாத செயலை மனிதன் கூட்டத்தோடு செல்லும்போது அஞ்சாது செய்து விடுகின்றான். இஃது உலகியல்பு. வீட்டிலிருந்து தனியே புறப்பட்ட மாணவன் ஒருவன் சந்தியிலே சிவப்பு விளக்கைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்து நிற்கின்றான். அதே மாணவன் தோழர் பதினைவரோடு அவ்வழியே வரும்போது அவ்விளக்கை ஏறெடுத்தும் பாரான். விளக்கு மாறவில்லை, வீதி மாறவில்லை, சட்டமும் மாறவில்லை. மாறியது அவனைச் சூழ்ந்து வருவோரின் தொகை ஒன்றே.

அத்தொகை அவனுக்குப் புதியதோர் உரிமையை வழங்குகின்றதா? சைக்கிளிற் கூட்டமாகச் செல்வோர் வீதிச் சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டுமா, அன்றி அவர்களுக்கெனத் தனி நியாயம் உண்டா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். 'கட்டுப்படத்தானே வேண்டும்; இதில் ஆராய்வதற்கு என்ன உளது?' என்று சிலர் வினவுதல் கூடும். ஆயின் மேலைநாடுகளிலே இவ்வினாவின் பொருட்டு வழக்குகள் நடந்துள்ளன, நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டுள்ளனர், சட்டங்கள் திருத்தப்பட்டுமுள்ளன. இரு திறத்தார் கூற்றிலும் கருதத்தக்க பொருள் உண்டு. ஆதலின் அவ்விரண்டையும் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறுதல் முறையாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்கு இஃது அயலார் விவகாரம் அன்று. 1990 ஆம் ஆண்டின் பின் பெற்றோல் வரவு தடைப்பட்ட காலத்திலே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார் இல்லாதார்க்குச் சைக்கிளே கதியாயிற்று. நோயாளியையும் நெல்மூடையையும் விறகுக் கட்டையும் அதுவே சுமந்தது. 2022 ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் நாடு முழுவதையும் வாட்டியபோது தென்னிலங்கை மக்களும் சைக்கிளை நாடினர். இன்றும் நம் மாணவர் கல்லூரிக்கும் தனியார் கல்வி நிலையங்களுக்கும் அணியணியாகச் சைக்கிளிலேயே செல்கின்றனர். ஆகவே இவ்வினாவுக்கு நாமும் விடை காண வேண்டியவர்களாவோம்.

உரிமையும் கடமையும் ஒருங்கே வந்தன

சைக்கிள் தோன்றிய புதிதில் அதனை எவ்வினத்திற் சேர்ப்பது என்பது இங்கிலாந்து நாட்டாருக்குத் தெளிவாகவில்லை. அது குதிரை வண்டியும் அன்று. நடந்து செல்லும் மனிதனும் அன்று. 1879 ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஒன்று, வீதியிற் கண்மண் தெரியாத வேகத்திற் செல்வதைத் தடுக்கும் சட்டத்தின் நோக்கிலே சைக்கிளும் ஒரு வண்டியே எனத் தீர்த்தது. 1888 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உள்ளூராட்சிச் சட்டம் சைக்கிளை ஐயத்துக்கிடமின்றி வண்டி என வகுத்தது. அதனால் மற்றை வண்டிகளுக்குரிய இடம் வீதியிலே சைக்கிளுக்கும் கிடைத்தது. அதனோடு இரவில் விளக்கேற்றல் வேண்டும், பிறரைக் கடந்து செல்லுமுன் மணியடித்தோ வேறு வகையாலோ ஒலியெழுப்பி எச்சரித்தல் வேண்டும் என்னும் கடமைகளும் வந்தன. உரிமையும் கடமையும் ஒரே சட்டத்தில் இணைந்து வந்தமை ஈண்டுக் கருதற்பாலது.

இவ்விணைப்பைக் கூட்டமாகச் சென்றோர் சிறிது மறந்ததனால் விளைந்த கேட்டினை 1894 ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டுகின்றது. அவ்வாண்டு யூலை மாதத்தில் இலண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதியிலே 50 மைல் சைக்கிட் பந்தயம் ஒன்று நடைபெற்றது. பந்தயக்காரர் திரளாக விரைந்து வந்தபோது எதிர்ப்பட்ட குதிரை வண்டியொன்றின் குதிரை வெருண்டது. ஓட்டக்காரர் சிலர் மோதி வீழ்ந்தனர். வண்டியிலிருந்த பெண்மணி பொலிசாரிடம் முறையிட்டார். வீதிகளில் இனிச் சைக்கிளே ஓடலாகாது என அரசினர் தடுத்துவிடுவரோ என்று அஞ்சிய தேசியச் சைக்கிளோட்டக்காரர் சங்கம், பொதுவீதிகளிலே பந்தயம் வைப்பதைத் தானே தடை செய்தது. அதன் பின் போட்டியை விரும்பியோர் 1895 ஆம் ஆண்டில் எவ். ரி. பிட்லேக் என்பார் வகுத்த முறையைக் கைக்கொண்டனர். விடியற்காலையிற் கறுப்புடை அணிந்து, ஒருவர் பின் ஒருவராக ஒவ்வொரு நிமிட இடைவெளி விட்டுப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடுதலே அம்முறை. சில கணப் பொழுதிலே நேர்ந்த விபத்தின் விளைவாக, கூட்டமாகப் புறப்பட்டு ஓடும் பந்தயம் அந்நாட்டு வீதிகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு மறைந்து கிடந்தது.

அதனை மீட்டவர் பேர்சி ஸ்டலார்ட் என்பவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், எரிபொருட் கட்டுப்பாட்டினால் வீதிகளிலே மோட்டார் வண்டிகள் அருகியிருந்தன. அதுவே தக்க தருணம் எனக் கண்ட ஸ்டலார்ட், வேல்ஸ் பகுதியிலுள்ள லங்கொலன் என்னும் ஊரிலிருந்து இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ப்ரன் நகர் வரை 59 மைல் தூரத்துக்குப் பந்தயம் ஒன்றை ஒழுங்கு செய்தார். அவர் முதலிற் செய்தது யாது? இடைவழியிலுள்ள பொலிஸ் அதிகாரிகளை நாடி, தமது எண்ணத்தை வெளிப்படையாகக் கூறி, அவர்தம் இசைவைப் பெற்றமையாகும். 1942 ஆம் ஆண்டு யூன் மாதம் 7 ஆம் நாள் பந்தயம் இனிது நடந்தேறியது. சங்கம் தன் விதியை மீறினார் என அவரைத் தள்ளி வைத்தது. ஆயின் அவர் மீறியது சங்கத்தின் விதியையே அன்றி நாட்டின் சட்டத்தை அன்று. பின்னர் 1960 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு வீதிப் பந்தயங்களுக்கெனத் தனி ஒழுங்குவிதிகளை வகுத்தது. கேட்டுப் பெற்ற சலுகை சட்டமாக நிலைபெற்றது.

சான் பிரான்சிஸ்கோவின் திரள்

இனி மறுதிறத்தார் கூற்றைக் கேட்போம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே 1992 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தின் இறுதி வெள்ளிக்கிழமை மாலை, ஐம்பது பேரளவில் ஒன்றுகூடிச் சைக்கிளிற் புறப்பட்டனர். ஒவ்வொரு மாதத்தின் இறுதி வெள்ளியிலும் அவ்வூர்வலம் தொடர்ந்தது, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர், பிற நாட்டு நகரங்களுக்கும் அவ்வழக்கம் பரவிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கிரிட்டிக்கல் மாஸ்' என்பதாகும்; தமிழில் அதனை 'நிறைதிரள்' எனலாம். அப்பெயர் சீன நாட்டு வீதிக் காட்சியொன்றிலிருந்து பிறந்தது. விளக்கில்லாச் சந்திகளிலே சீனத்துச் சைக்கிளோட்டிகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து நிற்பர். தொகை போதிய அளவு திரண்டதும் அனைவரும் ஒருங்கே நகர, குறுக்கே வரும் வாகனங்கள் தாமாகவே நின்றுவிடும். இதனை ஆவணப் படமொன்றிலே ஒருவர் விவரிக்க, அப்பெயர் நிலைத்தது.

இவ்வூர்வலத்தார் சந்திகளைக் கடக்கும் முறையே வாதத்துக்கு இடமாயிற்று. முன்னே செல்வோர் பச்சை விளக்கிற் கடந்துவிடுவர். நடுவழியில் விளக்குச் சிவப்பாகும். அப்பொழுது சிலர் தம் சைக்கிள்களைக் குறுக்கு வீதியின் வாயிலிலே நிறுத்தி, போத்தலுக்குத் தக்கை இட்டாற்போல மோட்டார் வாகனங்களை மறித்து நிற்பர். எஞ்சியோர் சிவப்பிலேயே கடந்து செல்வர். இதற்கு அவர்கள் கூறும் நியாயங்கள் மூன்று. விளக்கின் வழி நின்றால் கூட்டம் துண்டுபட்டு, பின் தங்கியோர் மோட்டார் வாகனங்களிடையே அகப்பட்டுத் துன்புறுவர் என்பது முதலாவது. சட்டம் மோட்டார் வண்டிகளையே மனத்திற் கொண்டு இயற்றப்பட்டது என்பது இரண்டாவது. ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடைய கார் விதி மீறுவதும் சைக்கிள் விதி மீறுவதும் ஒப்பாகா என்பது மூன்றாவது.

பொலிசாரும் வாளாவிருக்கவில்லை. 1997 யூலை ஊர்வலத்தில் அந்நகரிலே நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். 2004 ஓகஸ்ற் மாதத்தில் நியூயோர்க் நகரிலே இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கைதாயினர். இலண்டன் ஊர்வலம் பற்றிய வழக்கிலே 2008 ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தபோது, வழக்கமாக நடந்துவரும் ஊர்வலம் ஆதலின் அதற்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டியதில்லை எனக் கூறிற்று. அது சைக்கிளோட்டிகளுக்கு வெற்றியே. எனினும் அத்தீர்ப்பு அறிவித்தல் பற்றியதேயன்றிச் சிவப்பு விளக்குப் பற்றியது அன்று.

அந்நியாயங்களை எடைபோடின்

மூன்றாம் நியாயத்தை முதலில் எடுத்துக் கொள்வோம். காரினால் விளையும் கேடு சைக்கிளினால் விளையும் கேட்டினும் பன்மடங்கு பெரிது என்பது உண்மை. அதனை எவரும் மறுக்க இயலாது. ஆயின் வீதியிலே காருக்கு முன் சைக்கிளோட்டி எத்துணை எளியவனோ, சைக்கிள் திரளுக்கு முன் நடந்து செல்வோன் அத்துணை எளியவன். மஞ்சட் கடவையிலே கோலூன்றிக் காத்து நிற்கும் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். இருபது சைக்கிள்கள் நில்லாது பாயுமாயின் அவர் எங்ஙனம் கடப்பார்? 'வலியவன் எளியவனுக்கு வழிவிடுக' என்று காரோட்டியிடம் கேட்கும் வாயினால், தன்னினும் எளியவருக்கு வழிவிட மறுப்பது நீதியன்று.

இரண்டாம் நியாயம் வலுவுடையது. சட்டம் மோட்டாரை நோக்கியே எழுந்தது என்பதிற் பெரிதும் உண்மையுண்டு. ஆனால் அதற்குப் பரிகாரம் சட்டத்தைத் திருத்துவதே. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982 ஆம் ஆண்டிலேயே, 'நிற்க' என்னும் பலகையைக் கண்ட சைக்கிளோட்டி வேகத்தைத் தணித்து, முன்னுரிமை உடையோருக்கு வழிவிட்டு, வீதி வெறுமையாயின் முற்றும் நில்லாமலே செல்லலாம் எனச் சட்டம் செய்தது. சைக்கிளோட்டிகளின் சிறு விதிமீறல் வழக்குகள் நீதிமன்றங்களிலே குவிந்து இடையூறு செய்தமையே அதற்குக் காரணம். எனினும் அச்சலுகை ஒவ்வொருவனும் தன் கண்ணாற் பார்த்துச் செல்வதற்கு உரியதேயன்றி, முன்னவன் சென்றான் என்பதற்காகப் பின்னவன் செல்வதற்கு உரியது அன்று.

முதலாம் நியாயமே உண்மையில் ஆராயத்தக்கது. கூட்டம் துண்டுபடுதல் ஆபத்தா? இதற்குச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சைக்கிளுக்கும் அதன் பின்னுள்ள இடைவெளிக்குமாக 4 மீற்றர் வைத்துக்கொண்டால், ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் இருபது பேரின் வரிசை 80 மீற்றர் நீளும். மணிக்கு 18 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 5 மீற்றர், வேகத்திற் சென்றால் அவ்வரிசை ஒரு கோட்டைக் கடக்க 16 செக்கன் வேண்டும். இருவர் இருவராகச் சென்றால் 8 செக்கன் போதும். பின்னால் மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒன்று 80 மீற்றர் வரிசையை முந்த 8 செக்கன் எடுக்கும். அதற்குள் அது 120 மீற்றர் தூரம் வலப்பக்கத்திலே ஓடியிருக்கும். 40 மீற்றர் வரிசையாயின் இவையிரண்டும் பாதியாகும். இணைந்து செல்வது எப்போதும் குறும்பு அன்று, சில வேளைகளிற் பாதுகாப்புமாகும் என்பது இதனாற் புலனாகும். இங்கிலாந்தின் வீதி விதிக்கோவை 2022 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டபோது, இருவர் இணைந்து செல்லலாம் என்றும், பெரிய கூட்டங்களிலும் சிறுவரோடு செல்லும்போதும் அது பாதுகாப்பானதாகலாம் என்றும் கூறிற்று. அதே வேளையிற் பின்வரும் வாகனங்களை உணர்ந்து, தக்க இடத்தில் ஒற்றை வரிசையாகியோ நின்றோ வழிவிடுக என்றும் அறிவுறுத்திற்று.

ஜேர்மனி நாட்டார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். அந்நாட்டு வீதிச் சட்டத்தின்படி பதினைந்துக்கு மேற்பட்ட சைக்கிளோட்டிகள் ஒரே அணியாக அமையலாம். அவ்வணி ஒரு வண்டியைப் போன்றது. முன்னவர் பச்சை விளக்கிற் சந்தியிற் புகுந்தால், விளக்கு மாறினும் அணியின் எஞ்சிய பகுதி தொடர்ந்து கடக்கலாம். இருவர் இணைந்தும் செல்லலாம். ஆயின் அவ்வணி ஓரணியென்று பிறர் காண விளங்குதல் வேண்டும். நீளமாயின் பிற வாகனங்களுக்கு இடையிடையே வெளி விடுதல் வேண்டும். விதிகள் காக்கப்படுகின்றனவா என்பதற்கு அணித்தலைவர் பொறுப்பாதல் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவினர் தாமாக எடுத்துக்கொண்ட சலுகையை ஜேர்மனியர் சட்டத்தாற் பெற்றனர். வேற்றுமை யாதெனின், அந்நாட்டிலே காரோட்டியும் அவ்விதியை அறிவான். சைக்கிள் அணி சிவப்பிலே தொடர்ந்து வருவதைக் கண்டு அவன் திகைப்பதில்லை. வீதியிலே உயிரைக் காப்பது, அடுத்தவன் யாது செய்வான் என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல். ஒரு பக்கத்தார் மட்டும் அறிந்த விதி விதியாகாது.

நல்லூர்த் திருவிழா நாட்களிலே கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. அதனை எவரும் குறைகூறுவதில்லை. நாளும் நேரமும் மாற்று வழியும் ஊரறிய அறிவிக்கப்படுகின்றன. பொலிசார் நின்று வழிகாட்டுகின்றனர். பலர் கூடிப் பொதுவீதியைத் தமதாக்குதற்கு நாகரிக சமுதாயம் கண்ட வழி இதுவே. திடீரெனச் சந்தியிற் குதித்து வாகனங்களை மறிக்கும் இளைஞனுக்கு அவ்வதிகாரத்தை வழங்கியவர் எவர்? மறிக்கப்பட்ட வரிசையின் பின்னே நோயாளியை ஏற்றிய வண்டி நிற்பின் அதற்கு எவர் பொறுப்பு?

முன்னேரும் பின்னேரும்

'முன்னேர் போன வழியே பின்னேர்' என்பது நம் உழவர் பழமொழி. வயலிலே அது நன்று. முன்னேர் சென்ற சால் பின்னேர் வருமளவும் மாறாது கிடக்கும். வீதியோ கணந்தோறும் மாறுவது. முன்னவன் கண்ட பச்சை பின்னவனுக்குச் சிவப்பாகிவிடும். முன்னவன் கடந்தபோது வெறுமையாயிருந்த சந்தியிலே பின்னவன் வரும்போது லொறி நிற்கும். கூட்டத்திற் செல்வோனது கண் வீதியை விட்டு முன்னவன் முதுகிற் படிந்துவிடுவதே கூட்டப் பயணத்தின் பேராபத்து. அபாயத்தைக் கண்டு பிறேக்கை அழுத்த ஒருவனுக்கு ஒரு செக்கன் அளவு செல்லுமாயின், அதற்குள் அவன் 5 மீற்றர் முன்னேறிவிடுவான். முன்சில்லுக்கும் முன்னவன் பின்சில்லுக்கும் இடையே ஒரு முழமே இருக்குமாயின் முடிவு என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி நம் வீதிகளை நோக்குவோம். மாலையிலே தனியார் கல்வி நிலையங்கள் கலையும் வேளையில் மாணவர் மூவர் நால்வராக இணைந்து, ஒருவன் தோளில் ஒருவன் கைபோட்டு, உரையாடியவண்ணம் வருகின்றனர். சிலர் கையிலே தொலைபேசி; பல சைக்கிள்களுக்கு விளக்கில்லை. மதில் மறைக்கும் ஒழுங்கை முகப்பிலே முதல்வன் திரும்பினால் எஞ்சியோரும் பாராது திரும்புகின்றனர். 2014 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வரத் தொடங்கியபின் கடவைகளின் அபாயமும் சேர்ந்துள்ளது. கார் விலகிச் செல்லலாம்; லொறி பிறேக் பிடிக்கலாம்; புகையிரதம் விலகவும் இயலாது, உடனே நிற்கவும் இயலாது. 'இருவர் போய்விட்டார்கள், நானும் போகலாம்' என்னும் எண்ணத்துக்கு அங்கே இடமேயில்லை.

ஆகவே நம் முடிபு இது. கூட்டமாகச் செல்வோர் வீதிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அச்சட்டம் கூட்டத்துக்குப் பொருந்தாதெனின் ஜேர்மனியரைப் போலச் சட்டத்தைத் திருத்தச் சொல்லுக. ஸ்டலார்ட் செய்ததுபோல முன்கூட்டியே சென்று இசைவு பெறுக. தொகை பெருகுதலால் உரிமை பெருகுவதில்லை, பொறுப்பே பெருகுகின்றது.

கூட்டம் துண்டுபடுமே என்னும் அச்சத்துக்கு எளிய பரிகாரம் ஒன்றுண்டு. மேலைநாட்டுச் சைக்கிட் கழகங்கள் பலவற்றில் முன்னே வழிகாட்டி ஒருவரும் கடைசியிற் காவலர் ஒருவரும் செல்வர். விளக்குச் சிவப்பானால் பின்னவர் நின்றுவிடுவர். முன்னவர் சந்தியைக் கடந்து, வீதியின் ஓரத்திலே ஒதுங்கிக் காத்திருப்பர். இழப்பது ஒரு நிமிடம். நம் மாணவர் சுற்றுலாவாகச் செல்லும்போதும் விளையாட்டுப் போட்டிக்குச் செல்லும்போதும் இவ்வொழுங்கை மேற்கொள்ளலாம். ஆசிரியரும் பெற்றோரும் இதனைப் புறப்படுமுன்னரே சொல்லி வைத்தல் வேண்டும்.

கூட்டத்தின் கடைசியிலே வருவோர் யாவர் என்பதையும் நினைவிற் கொள்ளுக. பெரும்பாலும் வயதிற் சிறியவனும், பழைய சைக்கிளை உடையவனும், மிதித்துக் களைத்தவனுமே அங்கே வருவர். முன்னே செல்பவன் சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாது பாய்ந்தால் அவன் தப்பிவிடுதல் கூடும். அவனைப் பின்பற்றி வரும் அச்சிறுவனே அகப்படுவான். ஆதலின் சந்தியை அணுகும் தலைவன் 'நான் கடந்துவிடலாமா?' என்று வினவுதல் போதாது. 'என் பின்னால் வரும் கடைசிப் பிள்ளையும் கடக்கலாமா?' என்று வினவுதல் வேண்டும். அதற்கு 'ஆம்' என்னும் விடை கிடையாதவிடத்து, காலைத் தரையில் ஊன்றி நிற்றலே அவனுக்கு அழகு.